டிஎன்எஸ் பெட்டி எழும்ப மறுத்தால்: கடலோர வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழைநாள் ஒன்றில் விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா என்னைத் தட்டி எழுப்பினார். "தம்பி, நெட்டே வரல. காத்து எப்படின்னு பாக்கணும்." பாம்பன் தெற்குவாடியில் அவருக்கு ஒரு வள்ளம் இருக்கிறது. கிளம்புமுன் போனில் காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அன்றிரவு இரண்டு தடவை கரண்ட் போய் வந்திருந்தது. ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தன. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. விளம்பரங்களைத் தடுக்க நான் அலமாரி மேல் வைத்திருந்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பெட்டியில், அட்கார்ட் ஹோம் என்ற விளம்பரத் தடுப்பு நிரல் எழும்பாமல் கிடந்தது.

அன்று நான் செய்தது தவறு. பதற்றத்தில் நிரலை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒன்றரை வருடமாகச் சேர்த்திருந்த விதிகள் எல்லாம் போயின. அப்போதும் வீட்டுக்கு நெட் வரவில்லை, ஏனென்றால் கோளாறு நிரலில் இல்லை. கரண்ட் வந்தபோது ரூட்டர் அந்தப் பெட்டிக்கு வேறு முகவரி கொடுத்திருந்தது. இந்தச் செய்தியைப் பெட்டியே தன் பதிவில் ஒரே வரியில் எழுதி வைத்திருந்தது. நான்தான் படிக்கவில்லை.

புதிதாக இப்படி ஒரு பெட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அட்கார்ட் ஹோமை வைத்துச் சொல்கிறேன். அதே வேலையைச் செய்யும் பை-ஹோல் நிரலை வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் வீட்டுக்கு நெட்டைத் திருப்பிக் கொடுங்கள்

நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கான எண் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவது டிஎன்எஸ். விளம்பரக் கம்பெனிகளின் பெயர்கள் கேட்கப்படும்போது நம் பெட்டி 0.0.0.0 என்று பதில் சொல்லிவிடுகிறது, அதனால் விளம்பரம் வருவதில்லை. பெட்டியே வாய் திறக்காவிட்டால் விளம்பரம் மட்டுமல்ல, எந்தப் பெயருக்கும் முகவரி கிடைக்காது. வாட்ஸ்அப், வங்கி, வானிலை எல்லாம் நின்றுவிடும். வீட்டிலிருப்பவர்களுக்கு அது "நெட் போச்சு" என்றுதான் தெரியும்.

உறுதி செய்ய, மடிக்கணினியில் பிங் 1.1.1.1 என்று தட்டுங்கள். பதில் வந்தால் நெட் உயிரோடு இருக்கிறது, டிஎன்எஸ்தான் செத்திருக்கிறது. பதிலே வராவிட்டால் பெட்டியைத் தொடாதீர்கள். கேபிளையோ இணைப்பு தருபவரையோ பாருங்கள்.

டிஎன்எஸ்தான் என்று தெரிந்ததும் ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அது எண் முகவரி என்பதால் டிஎன்எஸ் இல்லாமலே திறக்கும். வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி என்ற பகுதியில் டிஎன்எஸ் என்ற இடத்தில் உங்கள் பெட்டியின் முகவரி இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அங்கே 1.1.1.1 அல்லது 9.9.9.9 என்ற பொது டிஎன்எஸ் முகவரியைப் போட்டுச் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு போனிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

விளம்பரம் வரும், பரவாயில்லை. வீட்டில் எல்லாரும் வேலையைப் பார்க்கத் தொடங்கியதும் நமக்கு நிதானம் வரும், அந்த நிதானம் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. கீழக்கரையில் நண்பர் வீட்டில் ஒருநாள் இதே சிக்கல். பெட்டியைப் பிரித்துப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம், அவருடைய உம்மா வந்து, "வாப்பா, துபாயிலேர்ந்து மகன் கூப்புடுற நேரமாச்சே" என்று கேட்டார்கள். ரூட்டரில் ஒரு வரியை மாற்ற இரண்டு நிமிடம்தான் ஆனது. அதை முதலிலேயே செய்திருந்தால் அந்த முகத்தில் அவ்வளவு கவலையைப் பார்க்க வேண்டியிருந்திருக்காது.

"இரண்டாவது டிஎன்எஸ் இடத்தில் எப்போதுமே 1.1.1.1 போட்டு வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று பலர் கேட்கிறார்கள். முதலாவது இருக்கும்போது இரண்டாவதைத் தொடாமல் காத்திருக்க வேண்டும் என்று போன்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. தோன்றியபடி எதையும் கேட்கும். நீங்கள் தடுத்த விளம்பரங்கள் பாதி அந்த வழியாக நுழைந்துவிடும்.

பெட்டியைக் கையில் எடுங்கள்

நகரத்தில் இருப்பவர்கள் எழுதும் வழிகாட்டிகள் நேராகக் கட்டளைக்குப் போய்விடும். நம் பக்கத்தில் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது.

பாம்பனில் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. நாங்கள் ஆண் கடல், பெண் கடல் என்போம். கச்சான் அடித்தால் தென்மேற்கிலிருந்து உப்பு, வாடை அடித்தால் வடக்கிலிருந்து உப்பு. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் துருவோடு மல்லுக்கட்டியே காலம் தள்ளியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துரு ஏறாத எஃகுக் கம்பியும் தனி வகைப் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றில்தான் நம் அலமாரி மேல் ஒரு சிறு மின்பலகை திறந்து கிடக்கிறது.

சமையலறையில் கல் உப்புச் சாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் அதற்கும் வெகு முன்பே இழுக்கும். பலகையின் மேல் படிந்த உப்புத் தூசும் இதைத்தான் செய்கிறது. அதனால் சார்ஜர் வயரைக் கழற்றி, முனையைப் போன் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். என்னுடைய வயரில் உள்ளே இருக்கும் தங்க நிறத் தகடுகளில் இரண்டு, பித்தளைச் செம்பின் அடிப்பக்கம் மாதிரி பச்சைக் களிம்பு பிடித்திருந்தன. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. அந்த வயரில் பெட்டிக்கு விளக்கு எரியும், ஆனால் வேலை கூடும்போது மின்னழுத்தம் இறங்கிவிடும்.

ராஸ்பெரி பை 3, 4 இரண்டிலும் சிவப்பு விளக்கு நிலையாக எரிய வேண்டும். அணைந்து அணைந்து எரிந்தால் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகிறது என்று பொருள். மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாகப் பெட்டிக்குள் நுழைய முடிந்தால் விசிஜென்சிஎம்டி, இடைவெளி, கெட், அடிக்கோடு, த்ராட்டில்டு என்று ஒரே கட்டளையாகத் தட்டுங்கள். 0x0 வந்தால் நல்லது. 0x50000 வந்தால், இப்போது சரியாக இருந்தாலும் பெட்டியை எழுப்பியதற்குப் பின் எப்போதோ மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. கடைசி இலக்கமும் 5 ஆக, 0x50005 என்று வந்தால் இந்த நிமிடமே குறைவாக இருக்கிறது.

பை 3-க்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர் சார்ஜர் வேண்டும். பழைய போன் சார்ஜரை மாட்டாதீர்கள், அதில் காசு மிச்சம் பிடித்து மெமரி கார்டை இழந்தவன் நான். களிம்பு லேசாக இருந்தால், போன் பழுது பார்க்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தரும் சாராயத் திரவத்தைப் பழைய பல் துலக்கியில் தொட்டு, மின்சாரம் இல்லாதபோது மெதுவாகத் தேயுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஆழமாக அரித்திருந்தால் வயரை மாற்றுவதுதான் வழி.

பெட்டி என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

மின்சாரம் சரி, பெட்டிக்குள்ளும் நுழைய முடிகிறது, ஆனால் அட்கார்ட் ஹோம் மட்டும் ஓடவில்லை. இப்போது தட்ட வேண்டியது: சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் அட்கார்ட்ஹோம். பெயரை ஒரே சொல்லாக, ஏ, ஜி, எச் மூன்றையும் பெரிய எழுத்தில் தட்டுங்கள். ஒன்று சிறியதானாலும் அப்படி ஒரு சேவையே இல்லை என்று சொல்லிவிடும்.

"ஆக்டிவ், ரன்னிங்" என்று பச்சையில் வந்தால் நிரல் ஓடுகிறது, கோளாறு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். "ஃபெயில்டு" என்று சிவப்பில் வந்தால் காரணத்தைக் கேட்க வேண்டும்: சுடோ ஜர்னல்சிடிஎல், பிறகு சிறு கோடு யூ, பிறகு அட்கார்ட்ஹோம், பிறகு சிறு கோடு என், பிறகு 50. கடைசி ஐம்பது வரிகள் வரும்.

இதைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரிகளில் "அடிக்கடி தொடங்கச் சொல்கிறார்கள், இனி முயலமாட்டேன்" என்ற பொருளில் ஒன்று இருக்கலாம். அது காரணம் இல்லை, விளைவு. இன்னும் மேலே போனால் "ஃபேட்டல்" அல்லது "எர்ரர்" என்ற சொல் உள்ள ஒரு வரி தட்டுப்படும். அந்த வரியை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறரிடம் உதவி கேட்பதென்றாலும் அந்த வரி இல்லாமல் கேட்காதீர்கள். "ஓடல" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

நம் ஊர் வீடுகளில் நான் பார்த்த வரையில், அந்த வரி பெரும்பாலும் கீழே சொல்லும் சிலவற்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

"கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்." கேட்ட முகவரி இந்தப் பெட்டியிடம் இல்லை என்கிறது. எனக்கு நேர்ந்தது இதுதான். அமைப்பில் 192.168.1.10 என்று எழுதியிருக்கிறது, கரண்ட் போய் வந்த பிறகு ரூட்டர் 192.168.1.14 கொடுத்துவிட்டது. ஹோஸ்ட்நேம், இடைவெளி, சிறு கோடு, பெரிய எழுத்து ஐ என்று தட்டினால் இப்போதைய முகவரி தெரியும். ரூட்டரின் டிஎச்சிபி பகுதியில் முகவரியை நிரந்தரமாக ஒதுக்கும் வசதி இருக்கும். அங்கே பெட்டிக்குப் பழைய முகவரியையே ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, பெட்டியை மறுபடி தொடக்குங்கள். இனி எத்தனை முறை கரண்ட் போனாலும் அதே முகவரிதான். புதிதாக நிறுவுகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். முகவரி சரியாக இருந்தும் இந்த வரி வந்தால், பெட்டி வைஃபையில் சேர்வதற்கு முன்பே நிரல் எழுந்திருக்கலாம். அப்போது மேலே சொன்ன கட்டளையில் ஸ்டேட்டஸ் என்பதற்குப் பதில் ரீஸ்டார்ட் என்று தட்டினால் போதும். முடிந்தால் பெட்டியை வயரில் இணைத்துவிடுங்கள்.

"அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்." டிஎன்எஸ் கேள்விகள் 53 என்ற எண்ணுள்ள வாசல் வழியாகத்தான் வரும். ஒரு வாசலில் இரண்டு பேர் உட்கார முடியாது. யார் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க: சுடோ எஸ்எஸ், இடைவெளி, சிறு கோடு, உடனே எல்யுஎன்பி. வரும் பட்டியலில் :53 என்று முடியும் முகவரிக்கு நேரே நிரலின் பெயர் இருக்கும்.

அங்கே பை-ஹோல் இருந்தால், முன்பு அதைப் போட்டுப் பார்த்துவிட்டு மறந்திருப்பீர்கள், இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். டிஎன்எஸ்மாஸ்க் என்ற வேறொரு டிஎன்எஸ் நிரல் இருந்தால், அந்தப் பெட்டியில் வேறு எதற்கோ ஏற்றியது. தேவையா என்று யோசித்து நிறுத்துங்கள். உபுண்டு இயங்குதளம் போட்டிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதனோடு வரும் டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ் என்ற பெயர், 127.0.0.53 என்ற முகவரியோடு வரும். அதை முழுதாகப் பிடுங்கி எறிய வேண்டாம், வாசலை மட்டும் விடச் சொன்னால் போதும். ஈடிசி அடைவில் சிஸ்டம்டி, அதற்குள் ரிசால்வ்டு டாட் கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து, டிஎன்எஸ்ஸ்டப்லிசனர் என்ற வரிக்கு முன்னால் உள்ள # குறியை எடுத்து, சமக்குறிக்குப் பின் நோ என்று மாற்றுங்கள். அதே கோப்பில் டிஎன்எஸ் என்ற வரியிலும் # குறியை எடுத்து, 127.0.0.1 கொடுங்கள். பிறகு ஈடிசியில் இருக்கும் ரிசால்வ் (கடைசியில் இ எழுத்து இல்லாமல்) டாட் கான்ஃப் என்ற இணைப்பை, ரன் அடைவில் சிஸ்டம்டி, ரிசால்வ் என்பவற்றுக்குள் இருக்கும் அதே பெயருள்ள கோப்பை நோக்கித் திருப்புங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பெட்டிக்கே பெயர் எதுவும் தெரியாமல் போகும். கடைசியாக ரிசால்வ்டு சேவையையும் பின்னர் அட்கார்ட் ஹோமையும் மறுபடி தொடக்குங்கள்.

"நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்." கார்டில் இடம் தீர்ந்துவிட்டது. டிஎஃப், இடைவெளி, சிறு கோடு எச் என்று தட்டினால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். கேள்விப் பதிவுகளை 90 நாள் வைத்திருப்பது அட்கார்ட் ஹோமின் இயல்பான அமைப்பு. சிறிய கார்டுக்கு அது அதிகம். ஓப்ட் அடைவில் அட்கார்ட்ஹோம், அதற்குள் டேட்டா என்ற இடத்தில் உள்ள பழைய கேள்விப் பதிவை, சேவையை நிறுத்திவிட்டு (ஸ்டேட்டஸ் இடத்தில் ஸ்டாப்) நீக்குங்கள். எழும்பிய பிறகு அமைப்புப் பக்கத்தில் ஏழு நாளாகவோ ஒரு நாளாகவோ குறைத்துவிடுங்கள். வீட்டார் எந்தத் தளம் பார்த்தார்கள் என்ற பட்டியல் மூன்று மாதத்துக்கு நம்மிடம் கிடப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

"ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்." இதைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டின் கோப்பு அமைப்பு சிதையும். மேலும் கெடாமலிருக்க இயங்குதளம் எழுதுவதையே நிறுத்திக்கொண்டிருக்கிறது. சுடோ டிமெசேஜ் என்று, அதாவது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தில் தட்டினால், எம்எம்சி அல்லது இஎக்ஸ்டி4 என்ற பெயரோடு பிழைகள் வரிசையாக வரும். இந்த நிலையிலும் படிக்க முடியும் என்பதால், முதலில் அமைப்புக் கோப்பை மடிக்கணினிக்கு நகலெடுங்கள். அட்கார்ட்ஹோம் டாட் யாமெல் என்ற அந்த ஒரே கோப்பில்தான் உங்கள் விதிகள், பட்டியல்கள், கடவுச்சொல் எல்லாம் இருக்கின்றன. பிறகு கார்டைக் கழற்றி வேறு லினக்ஸ் கணினியில், கோப்பு அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம். என் எண்ணத்தில், ஒருமுறை இப்படிப் போன கார்டை நம்பக்கூடாது. புதுக் கார்டு வாங்குங்கள்.

"யாமெல்" என்ற சொல்லோடு வரி எண்ணும் வந்தால், அமைப்புக் கோப்பில் தவறு. கையால் திருத்தியவர்களுக்கு வரும். யாமெல் கோப்பில் வரியின் தொடக்கத்தில் டேப் விசை கூடாது, இடைவெளிகள்தான் வேண்டும், அவையும் மேல் வரிகளோடு சீராக இருக்க வேண்டும். நிரல் ஓடும்போது திருத்தினால் உங்கள் திருத்தத்தின் மேல் அது தன் பிரதியை எழுதிவிடும். எப்போதும் நிறுத்திவிட்டுத் திருத்துங்கள். நீங்கள் எதையும் தொடவில்லை, ஆனாலும் இந்தப் பிழை வருகிறது என்றால், கோப்பின் அளவைப் பாருங்கள். 0 என்று இருந்தால் கரண்ட் போன நேரத்தில் காலியாகிவிட்டது. நகல் இருந்தால் அதை வைத்து எழுப்பிவிடலாம்.

ஓடுகிறது என்கிறது, பதில் மட்டும் இல்லை

இது வேறு வகைச் சிக்கல். புயல் நேரத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோதும், வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போய் வந்தாலும் நேரும். ராஸ்பெரி பை 4 வரைக்கும் பலகையில் கடிகாரமே கிடையாது. பை 5-இல் உண்டு, ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். கரண்ட் போன நேரத்திலேயே பெட்டியின் காலம் நின்றுவிடும். எழுந்ததும் இணையத்திலிருந்து நேரம் கேட்கும். நேரம் தரும் சேவையகத்தின் பெயருக்கு முகவரி வேண்டும், அதற்கு டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் அதே பெட்டிதான். நம் பெட்டி தன் கேள்விகளை அனுப்பும் வெளி டிஎன்எஸ்ஸை, அதாவது மேல்நிலை டிஎன்எஸ்ஸை, மறையாக்கத்தோடு நீங்கள் அமைத்திருந்தால், அதன் சான்றிதழை நம் பெட்டி தேதி பார்த்துத்தான் ஏற்கும். போன மாதத் தேதியில் இருக்கும் பெட்டிக்குச் சென்ற வாரம் வழங்கிய சான்றிதழ் செல்லாது. நேரம் இல்லாமல் டிஎன்எஸ் இல்லை, டிஎன்எஸ் இல்லாமல் நேரம் இல்லை.

டேட் என்று தட்டிப் பாருங்கள். தேதி தவறாக இருந்தால், நேரம் தரும் சேவையகத்தைப் பெயரால் இல்லாமல் எண்ணால் கொடுத்துவிடுங்கள். ஈடிசி, சிஸ்டம்டி என்பவற்றுக்குள் டைம்சிங்க்டி டாட் கான்ஃப் என்ற கோப்பில் என்டிபி என்ற வரியின் # குறியை எடுத்து 216.239.35.0 என்று எழுதினால் போதும், அது கூகுளின் நேரச் சேவையகம். அடுத்த முறை பெட்டி யாரிடமும் பெயர் கேட்காமல் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும்.

எழும்பிய பிறகு

ரூட்டரில் பழைய எண்ணைத் திருப்பிப் போடுமுன் ஒரு சோதனை. மடிக்கணினியில் என்எஸ்லுக்அப், இடைவெளி, டபுள்கிளிக் டாட் நெட், இடைவெளி, பெட்டியின் முகவரி. 0.0.0.0 என்று வந்தால் தடுக்கிறது. விக்கிப்பீடியாவின் பெயரைக் கேளுங்கள், உண்மையான எண் வந்தால் மற்றதையும் சரியாகச் சொல்கிறது. இரண்டும் வந்தால் ரூட்டரை மாற்றுங்கள். யூடியூப் விளம்பரம் அப்போதும் வரும். அது படம் வரும் அதே வழியில் வருவதால் டிஎன்எஸ்ஸால் பிரிக்க முடியாது, பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

ஒரு சிறு யுபிஎஸ், உப்புக்காற்று நேராகப் படாத மூலை, காற்றோட்டத் துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் கூடு, மாதம் ஒருமுறை அமைப்புக் கோப்பின் நகல், இவ்வளவும் செய்துவிட்ட பிறகு எங்கள் வீட்டில் பெட்டி அடிக்கடி படுப்பதில்லை. ஆனால் நான் மதுரையில் இருக்கும் நாளில் படுத்தால்? அதற்காக ரூட்டரின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தங்கையின் கையெழுத்து, பெரிய எழுத்தில்:

"நெட் வரவில்லையா? அலமாரி மேல் பெட்டியில் சிவப்பு விளக்கைப் பார். எரியவில்லை என்றால் பிளக்கை அழுத்திச் சொருகு. எரிந்தால் ஐந்து நிமிடம் பொறு. அப்பாவுக்கு அவசரம் என்றால் போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டா போட்டுக் கொடு. பிறகு ரூட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 போடு. பெட்டியைத் தொடாதே, அண்ணன் வந்து பார்ப்பான்."

தாள் நம் காற்றில் ஒரு மாதத்தில் நமுத்துவிடும். அகலமான செலோடேப்பை இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டுத் தொங்கவிடுங்கள்.